நீலக் கொம்பு

செத்தவரைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட வேட்டி வாங்க நின்ற வரிசைதான் நீளமாக இருந்தது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. யுத்தம் தொடங்கி ஐந்தாவது பொங்கல். காசை நீட்டினாலும் கடையில் துணி கிடைக்காத காலம். மதுரை வைகை சேவா சங்கத்தார் மாட்டுப் பொங்கலன்று அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொட்டகை போட்டு, வீட்டுக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை சும்மா தருகிறார்கள். நடுவில் ஒரு கொலை விழுந்துவிட்டது என்பதற்காக வரிசையை விட்டு யார் நகர்வார்கள்?

கொலை என்று நான்தான் எழுதுகிறேன். பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன் தம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது, "மாடு முட்டி மரணம்" என்று.

சங்கத்தின் செயலாளர் சிவனாண்டி வாத்தியார் துணி மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தார். வயிற்றில் ஏறிய குத்து நெஞ்செலும்புவரை கிழித்திருந்தது. குடல் ஜிப்பாவுக்கு வெளியே வந்து கிடந்தது. அறுபது எழுபது புது வேட்டிகள் இரத்தத்தில் ஊறி, அடி மூட்டையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஜிப்பாவில் கிழிசலைச் சுற்றி அடர்த்தியான நீலக் கறை.

துப்பறியும் அழகுமலை அந்த உடம்பின் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய சட்டைப் பையில் வாத்தியாரின் கடிதம் இருந்தது. 'மாட்டுப் பொங்கலன்று மேடையில் ஒரு விஷயம் சொல்லப்போகிறேன். சொல்லி முடிக்கும்வரை நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.' அவ்வளவுதான் கடிதம். பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸில் அழகுமலை வந்தார். அது வழியில் மூன்று தடவை நின்றது. கீழே இறங்கி உலையைக் கிண்டிவிட்டுக் கிண்டிவிட்டு வந்து சேர்ந்தபோது வாத்தியார் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. 

"குத்தினது செவலைதான் சார்," என்றார் கம்பவுண்டர் வெள்ளைத்துரை. சங்கத்தின் மருந்துப் பெட்டி அவர் பொறுப்பு. இடக் கையில் சிம்பு வைத்துக் கட்டி, கழுத்திலிருந்து தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு துண்டையும் போர்த்தியிருந்தார். "நானும் வாத்தியாரும் மட்டும் உள்ள நின்னு மூட்டையப் பிரிச்சுக்கிட்டிருந்தோம். புழுதியக் கெளப்பிக்கிட்டு நேரா வந்துச்சு. நீலம் பூசின ரெண்டு கொம்பையும் என் கண்ணாலயே பார்த்தேன். ஒண்ணு அவரு வயித்துல எறங்கிருச்சு. தடுக்கப் போன எனக்குக் கை போச்சு. நானே கட்டுப் போட்டுக்கிட்டேன்."

"ஒத்தக் கையாலயா?" என்று வாயைப் பிளந்தான் சோணைமுத்து. அழகுமலையின் உதவியாள். உடம்பு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. "கெட்டிக்காரருண்ணே. நானெல்லாம் ரெண்டு கையாலயும் கட்டுற கோமணமே நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள அவுந்துருது."

"வாய மூடுறா," என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

சோணைமுத்து வலது கையால் வாயை மூடினான். அந்த உள்ளங்கை முழுக்க நீலம். அதுவும் சங்கத்தின் தர்மம்தான். இந்த வருஷம் புதிதாக, மாட்டுக் கொம்புக்குப் பூச வீட்டுக்கு ஒரு சிரட்டை நீல வர்ணமும் கொடுத்திருந்தார்கள். வார்னிஷ் கலந்த வர்ணம். பஸ் கடைசியாக ஊர் எல்லையில் நின்றபோது யாருடைய காளையையோ தட்டிக் கொடுக்கப் போன சோணைமுத்து, கொம்பைப் பிடித்துப் பார்த்து நீலத்தை ஒட்டிக்கொண்டான். வாய்க்கால் மண்ணைப் போட்டுத் தேய்த்தான். சீயக்காய் வாங்கித் தேய்த்தான். பஸ் டிரைவரிடம் மண்ணெண்ணெய் கேட்டுத் தேய்த்தான். கை சிவந்ததே தவிர நீலம் போகவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் ஊர்க்காரர் யாரையும் விடவில்லை. வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உறுமிச் சத்தத்தின் நடுவே ஒரு செவலைக் காளை கயிற்றோடு பாய்ந்து, தட்டியைப் பிய்த்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தது. மறுபக்கத் தட்டியைக் கிழித்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடியது. புழுதியில் சிவந்த முதுகு மட்டும் தெரிந்தது. அந்த ஊரில் செவலைக் காளை ஒன்றே ஒன்று. கொட்டகையை ஒட்டிய வீட்டுத் தங்கப்பொண்ணுவுடையது.

அவள் கொட்டகை வாசலில் ஒரு போலீஸ்காரனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எசமான், அது முட்டுற மாடு இல்ல எசமான். எம் புள்ளைக அது வயித்துக்கடியில படுத்து ஒறங்கும்."

"அலங்காநல்லூர்ல இருந்து துப்பாக்கி வந்துக்கிட்டிருக்கு," என்றார் கருத்தக்கண்ணன். "வந்ததும் மாட்டச் சுடுறோம். உன்னைய ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறோம். ஆளக் கொல்ற மாட்ட அவுத்துவிட்டிருக்க."

"நான் அவுக்கலையே! அதச் சுட்டுட்டா நானும் ரெண்டு பொட்டப் புள்ளைகளும் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டு மாட்டோட சோடி போட்டு ஏர் ஓட்டித்தான் எசமான் கஞ்சி குடிக்கிறோம்."

அவள் அழுதுகொண்டே எழுந்து கொட்டகைக்குள் வரப் பார்த்தாள். போலீஸ்காரன் தடியால் தோள்பட்டையில் ஓங்கி ஒன்று போட்டான். தங்கப்பொண்ணு முகம் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது. வரிசையில் நின்ற ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை.

அழகுமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷம் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தவர், இப்படி ஒரு அடியைப் பார்த்த அன்றைக்குத்தான் வேலையை எறிந்துவிட்டு வந்தார். ஆனாலும் குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"துப்பாக்கி வர எம்புட்டு நேரமாகும் சார்?"

"அரை மணி."

"அதுவரைக்கும் இந்தம்மா எங்கூட இருக்கட்டும். ஓடிப்போனா என்னையக் கட்டி வையுங்க."

கருத்தக்கண்ணன் கையை உதறினார். போ என்று அர்த்தம்.

தங்கப்பொண்ணுவின் தொழுவம் கொட்டகையின் பின்பக்கத்து முள்வேலிக்கு அந்தப் பக்கம். முளைக்குச்சியில் கயிற்றின் மிச்சம் ஒரு சாண் தொங்கியது. அழகுமலை அதைக் கையில் எடுத்தார்.

"மாடு முறுக்கிக்கிட்டு அறுத்தா கயிறு எப்படி இருக்கும் மாப்ள?"

"பிரி பிரியா, எங்க அத்தை தலைமுடி மாதிரி இருக்கும்."

"இது?"

"நாவிதர் வெட்டின மாதிரில்லண்ணே இருக்கு!"

ஒரே வெட்டு. வேலிக்கு மேலாகக் கையை நீட்டினால் முளைக்குச்சி எட்டியது. காளை நின்ற இடத்தில் வைக்கோல் தொட்டி எதிர்ப்பக்கம் இருந்தது. வெட்டியவனுக்குக் காளையின் வாலும் முதுகும்தான் தெரிந்திருக்கும்.

"வர்ணம் வாங்குனியா தாயி?" என்று அழகுமலை கேட்டார்.

"வேணாம்னேன். தெருவுல எல்லா வீட்டுக்கும் குடுக்கணும்னு சொல்லி வச்சுட்டுப் போனாக. பரண்ல கெடக்கு."

மூவரும் வீட்டுக்குள் போனார்கள். சோணைமுத்து எட்டிப் பரணில் கையை விட்டான். சிரட்டை வந்தது. நீலத்தின் மேல் ஏடு கட்டியிருந்தது. விரல் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. அழகுமலை வாசலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். இரண்டு இடத்தையும் பார்த்த பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. 

சோணைமுத்து கையை உதறினான். "அண்ணே, எறும்பு! பரணெல்லாம் சாரை சாரையா ஏறுது."

எறும்புச் சாரை ஒரு காகிதப் பொட்டலத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது. உள்ளே வெள்ளை மாத்திரைகள்.

"அது தொடாதீக," என்றாள் தங்கப்பொண்ணு. "கொயினா மாத்தர. அவுகளுக்கு ஐப்பசியில குளிர்காச்சல் வந்தப்ப சங்கத்துல கம்பவுண்டரு குடுத்தாரு. மிச்சம் கெடக்கு. தூக்கிப் போட மனசு வரல."

"கொயினாவுக்கா எறும்பு வருது?" என்றார் அழகுமலை.

சோணைமுத்து எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற ஜாதி. எறும்பை ஊதிவிட்டு ஒன்றைக் கடித்தான். கசப்புக்குத் தயாராக முகத்தைச் சுளித்தான். அப்புறம் சுளித்த முகத்தை மெதுவாக விரித்தான்.

"அண்ணே, கசக்கவே இல்ல. மாவும் சீனியும். இது கொயினான்னா நான் ஜில்லா கலெக்டரு."

மலேரியாவுக்கான கொயினாப் பட்டை விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த நாளிலிருந்து கொயினாவுக்கு அடிதடி. கள்ள மார்க்கெட்டில் மாத்திரைக்குச் சொன்னதுதான் விலை. அழகுமலை பொட்டலத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டார்.

"எத்தனை நாள் குடுத்த தாயி?"

அவள் தரையைப் பார்த்தாள். "எட்டு நாள். மூணு வேளையும் குடுத்தேன். கடைசி நாள் மட்டும் நடவுக்குப் போயிட்டேன். மத்தியான வேளை தப்பிப்போச்சு. மறுநா விடியக்காலம் போயிட்டாக." கிழிந்த உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வேளையக் குடுத்திருந்தா இருந்திருப்பாகளோ என்னமோ. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அழகுமலை வாயைத் திறப்பதற்குள் கரும்புக் காட்டுப் பக்கம் துப்பாக்கி வெடித்தது.

துப்பாக்கி அரை மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மூவரும் ஓடினார்கள். கரும்பு வெட்டிப் போட்ட திடலில் செவலை நடுவில் நின்றது, சுற்றிலும் ஊர். முதல் குண்டில் காளையின் ஒரு காது பாதி பிய்ந்து தொங்கியது. விலாவில் யாரோ எறிந்த வேல்கம்பு குத்தி நின்று ஆடிக்கொண்டிருந்தது. தங்கப்பொண்ணுவை அடித்த அதே போலீஸ்காரன் பக்கவாட்டில் போய்த் தடியை ஓங்கினான். செவலை தலையைத் தாழ்த்தித் தூக்கியது. ஆள் ஒரு பனை மட்டை உயரத்துக்குப் போய்க் கட்டாந்தரையில் விழுந்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சங்கத்தின் தொண்டர்கள் இரண்டு பேர் அவனை இழுக்க ஓடினார்கள், அதில் ஒருவனின் தொடை கிழிந்தது. பக்கத்திலிருந்து பத்துப் பேர் கல்லெறிந்தார்கள். காளையின் வாயில் இரத்த நுரை.

கருத்தக்கண்ணன் மறுபடியும் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

"செவல!" என்று கத்திக்கொண்டே தங்கப்பொண்ணு திடலுக்குள் பாய்ந்தாள். காளை அவளை நோக்கித் திரும்பியது. கூட்டம் கண்ணை மூடியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது நின்றது. அவள் தோளில் முகத்தை வைத்துப் பெருமூச்சு விட்டது.

"ஏ பொம்பள, விலகு! இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஒரே குண்டுதான்!"

அவள் விலகவில்லை. கருத்தக்கண்ணனின் விரல் மடங்குவதை அழகுமலை பார்த்தார். தாவி, குழலை மேலே தட்டினார். குண்டு ஆகாயத்துக்குப் போனது. கருத்தக்கண்ணன் திரும்பிய வேகத்தில் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தார். ஒரு பல் போயிற்று. அழகுமலை இரத்தத்தைத் துப்பிவிட்டு, குழலை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"அடிச்சது போதும் சார். இப்ப அதுங்கொம்பைப் பாருங்க."

கருத்தக்கண்ணன் பார்த்தார். ஊரும் பார்த்தது. ஒரு கொம்பின் நுனியில் தொடை கிழிந்த தொண்டனின் இரத்தம். மற்றபடி இரண்டும் சாம்பல் நிறக் கொம்பு. ஒரு பொட்டு நீலம் இல்லை.

"வாய்க்கால்ல எறங்கியிருக்கும். கழுவிப் போயிருக்கும்," என்றார், ஆனால் குரலில் பழைய முறுக்கு இல்லை.

சோணைமுத்து நீலக் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "மண்ணு, சீயக்கா, மண்ணெண்ணெய் மூணும் போட்டாச்சு சார். இனித் தோலத்தான் உரிக்கணும். வாய்க்கா தண்ணியில போற வர்ணமா இது?"

"சார், புருஷன் போயி மூணு மாசங்கூட ஆகல," என்றார் அழகுமலை. "வாசல்ல கோலம் இல்ல, வீட்டுல பொங்கல் பானை ஏறல. துக்க வீட்டு மாட்டுக்கு எவனாவது கொம்புல வர்ணம் பூசுவானா?"

"அதானே!" என்றது கூட்டம். "அது இந்த வருசம் மொட்டக் கொம்புதானப்பா. தெருவுக்கே தெரியுமே. நீலம் பட்டுச் செத்தாருன்னு எங்ககிட்ட யாரு சொன்னா?"

"எங்ககிட்ட ஒருத்தரு சொன்னாரு," என்று அழகுமலை திரும்பினார். "நீலம் பூசின ரெண்டு கொம்பையும் கண்ணாலயே பார்த்தேன்னாரு. இல்லாத நீலத்த எப்படிப் பார்த்தாரு?"

கம்பவுண்டர் வெள்ளைத்துரை கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தார். இரண்டு எட்டு பின்னால் வைத்தார். மூன்றாவது எட்டுக்கு இடமில்லை, சோணைமுத்துவின் வயிறு நின்றது.

"புழுதியில சரியாத் தெரியல..." என்று ஆரம்பித்தார்.

அழகுமலை அவர் கைமேல் கிடந்த துண்டை உருவினார். வெள்ளைக் கட்டு. முழங்கைக்குக் கீழே, கட்டின் உள்ளேயிருந்து நீலம் ஊறிப் படர்ந்திருந்தது.

"மனுசனுக்கு நீல ரத்தம் ஊறி இப்பத்தாண்ணே பார்க்கிறேன்," என்றான் சோணைமுத்து.

வெள்ளைத்துரையின் வலக் கை கட்டுக்குள் போனது. சிம்பு வெளியே வந்தது. மூங்கில் சிம்பு இல்லை. ஒன்றரைச் சாண் நீளத்தில் தீட்டிக் கூராக்கிய மாட்டுக் கொம்பு. அடியில் மரப்பிடி, நுனிவரை காயாத நீலமும் இரத்தமும். வாத்தியாரைக் குத்தியதும், ஒளிக்க இடமில்லாமல் தன் கையோடு கட்டிக்கொண்டு, காயம்பட்டவனாக உட்கார்ந்திருந்தான் படுபாவி.

கொம்பு அழகுமலையின் கழுத்துக்கு வந்தது. சோணைமுத்து இடக் கையைக் குறுக்கே நீட்டினான். உள்ளங்கையில் நுழைந்து புறங்கையில் நுனி எட்டிப் பார்த்தது. சோணைமுத்து அலறினானே தவிர விரல்களை மூடிக்கொண்டான், கொம்பை விடவில்லை. வெள்ளைத்துரை அவன் அடிவயிற்றில் உதைத்தார், முகத்தில் குத்தினார். அந்த இடைவெளி அழகுமலைக்குப் போதும். கீழே கிடந்த போலீஸ் தடியை எடுத்து, முழங்கையைப் பார்த்து முழு பலத்தோடு இறக்கினார். கரும்பு முறிகிற மாதிரி சத்தம் வந்தது. வெள்ளைத்துரை மண்ணில் உருண்டு கத்தினார். இப்போதுதான் அந்த மனிதருக்கு உண்மையாகவே சிம்பு வைத்துக் கட்ட வேண்டிய கை கிடைத்தது.

சோணைமுத்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. "பொங்கலுக்கு எனக்கு ரெண்டு பக்கமும் வர்ணம் பூசியாச்சுண்ணே," என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

அழகுமலை மடியை அவிழ்த்துப் பொட்டலத்தைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்தார். "சங்கத்துக்கு வந்த நெசக் கொயினாவ மதுரையில கள்ளத்தனமா வித்துட்டு, ஊர் ஊராப் போயி மாவு மாத்தரையக் குடுத்திருக்காரு. வாத்தியாரு கண்டுபிடிச்சிட்டாரு. இன்னைக்கி மேடையில சொல்றதா இருந்தாரு. அதான் வேலிக்கு மேல கைய நீட்டிக் கயித்த வெட்டி மாட்ட வெரட்டிவிட்டு, அந்தப் புழுதியில இவரே குத்தியிருக்காரு. இந்தாங்க, என்னையப் பக்கத்துல நிக்கச் சொல்லி எழுதுன கடுதாசி. எத்தனை ஊர்ல எத்தனை பேரு செத்தாகளோ."

வெள்ளைத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார். பிடிபட்டதைவிடத் தன் திட்டம் பிசகியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"தெருவுல ஒரு வீடு விடாம வர்ணம் குடுத்தோம். எல்லா மாடும் நீலம். அந்த ஒரு வீட்டுல துக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

அழகுமலை வாயைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் சொல்ல வேணாமே. அந்த வீட்டுக்குத் துக்கத்தக் கொண்டுவந்து குடுத்ததே நீங்கதான?"

தங்கப்பொண்ணு காளையின் கழுத்தை விட்டுவிட்டு வந்தாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது, ஆனால் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அய்யா, அப்ப அந்த மத்தியான வேளை?"

"அதுவும் மாவுதான் தாயி," என்றார் அழகுமலை.  "நீ நேரம் தப்பாமக் குடுத்திருந்தாலும் மாவுதான். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

 அவள் சப் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கினாள். மண்ணில் கிடந்த வெள்ளைத்துரையின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினாள். தாடையை ஒரு கையால் நெரித்துத் திறந்து, மாத்திரையும் எறும்புமாக மொத்தத்தையும் வாய்க்குள் கொட்டி, உள்ளங்கையால் பொத்தினாள்.

"முழுங்கு! எட்டு நாளைக்கும் சேத்து முழுங்குடா!"

அவர் கால் உதறியது. கண் பிதுங்கியது. கருத்தக்கண்ணன் ஓரடி முன்னால் வைத்தார். அவள் உதட்டில் காய்ந்திருந்த இரத்தத்தைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

அவளாகவேதான் கையை எடுத்தாள். எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். புருஷன் முத்திருளன் செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அவளுக்கு அழ உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வேல்கம்பைப் பிடுங்கி, புது வேட்டி ஒன்றைக் கிழித்துச் செவலையின் விலாவைக் கட்டினார்கள். இன்னொன்றைக் கிழித்துச் சோணைமுத்துவின் கையைக் கட்டினார்கள். சாயங்காலம் அவள் காளையை முன்னால் விட்டு வீட்டுக்கு நடந்தபோது, கொட்டகை முன்னால் வரிசை அப்படியே நின்றது. இரத்தம் படாத வேட்டிகளைப் பிரித்து எடுத்துச் சங்கத்தார் மறுபடியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரின் உடம்பு இன்னும் உள்ளேதான் கிடந்தது. அவரிடம் கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

தங்கப்பொண்ணுவைக் கண்டதும் வரிசை தானாக விலகி அவளுக்கு வழி விட்டது. காலையில் அவள் அடிபட்டபோது வாய் திறக்காத ஆட்கள்தான் அவர்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் சேலையை வாங்கிக்கொண்டு, செவலையைத் தொழுவத்துக்கு ஓட்டிப் போய், அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.